மூன்றாவது பிளக்

தீப்பொறிச் செருகி என்று எழுதினால் நம் பேரவை நண்பர்களுக்குப் புரியும். பள்ளியில் வாழ்வியல் திறன் படித்தவர்களுக்கு அதையே மலாயில் 'பாலாம் பென்சுச்சு' என்று சொன்னால் நினைவுக்கு வரும். என் அப்பாவிடம் இரண்டையும் சொல்லிப் பார்த்தேன். இரண்டுக்கும் விழித்தார். "பிளக்குனு சொல்லேன் லா" என்றார். ஆகவே இக்கட்டுரை முழுவதும் பிளக் என்றே எழுதுகிறேன். கலைச்சொல்லில் கண்டிப்பான பேராசிரியர்கள் பொறுத்தருள்க. இது பட்டறையில் நடந்த கதை. பட்டறைத் தமிழில்தான் வரும்.

இயந்திரப் பொறியியல் மூன்றாம் ஆண்டில் உள்ளெரி இயந்திரங்கள் என்று எங்களுக்கு ஒரு பாடம் உண்டு. அதில் பிளக்கைப் பற்றி ஒன்றரைப் பக்கம்தான் வரும். காற்றும் பெட்ரோலும் கலந்த கலவையைப் பிஸ்டன் அழுத்தும். அழுத்தம் உச்சத்தை எட்டும் நேரத்தில் பிளக்கின் நுனியில் உள்ள சிறு இடைவெளியில் ஒரு பொறி பாயும். கலவை எரிந்து விரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளும். எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால் ஒவ்வொரு பிளக்கும் நொடிக்கு 25 முறை பொறி விட வேண்டும். தேர்வுக்கு இது போதும். அந்த நுனியைக் கையில் பிடித்துப் பார்த்து எஞ்சினுக்குள் என்ன நடக்கிறது என்று படிக்கலாம் என்பது அந்த ஒன்றரைப் பக்கத்தில் இல்லை.

எங்கள் வீட்டு மகிழுந்து 1995ஆம் ஆண்டு புரோட்டோன் இஸ்வாரா, 1.3 லிட்டர். என்னைவிட மூத்தது. அப்பா அதைக் கைமாற்றாக 2004இல் வாங்கினார். பெந்தோங்கில் ஒரு தொழிற்சாலையில் பாரந்தூக்கி ஓட்டும் அப்பாவுக்கு அது வேலைக்குப் போகும் வண்டி மட்டுமன்று. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் பாட்டியை இரத்தச் சுத்திகரிப்புக்குக் கொண்டுபோய்விட்டு, நான்கு மணி நேரம் கழித்துத் திரும்ப அழைத்துவரும் வண்டியும் அதுதான். அந்த வண்டி நின்றால் பாட்டியின் கிழமைகள் தடுமாறும்.

2023ஆம் ஆண்டு தீபாவளிக்கு இரண்டு மாதம் முன்பு வண்டி திணறத் தொடங்கியது. சிக்னலில் நின்றால் ஸ்டியரிங் நடுங்கும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் பின்னால் புகை. எண்ணெய் செலவும் கூடியது. இங்கே எண்ணெய் என்றால் நம்மூர் வழக்கப்படி பெட்ரோல். எஞ்சின் எண்ணெய்க்கு அப்பா வைத்திருக்கும் பெயர் 'மிஞாக் ஈத்தாம்'. அதுவும் ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் குறைந்தது. அப்பா ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனார். பெயர் வேண்டாம். அங்கே பழைய பிளக் நான்கையும் எடுத்துவிட்டுப் புதியது போட்டார்கள். இரண்டு வாரம் வண்டி நன்றாக ஓடியது. பிறகு மறுபடியும் அதே நடுக்கம். திரும்பக் கொண்டுபோனபோது புகையைப் பார்த்துவிட்டு, "ரிங் போச்சு, ஃபுல் ஓவர்ஹால் பண்ணணும், 3,500 வெள்ளி, ஒரு வாரம் வண்டிய விட்டுட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டார்கள்.

அம்மாவின் சங்கிலியை அடகுக் கடைக்குக் கொண்டுபோவது என்று வீட்டில் முடிவாகிவிட்ட பிறகுதான் எனக்குச் செய்தி வந்தது. தொலைபேசியில் நான் கேட்ட முதல் கேள்வி, "கழட்டுன பிளக் எப்படி இருந்துச்சுப்பா?" என்பது. "கறுப்பா இருந்துச்சு" என்றார். கறுப்பு என்பதிலேயே பல வகை உண்டு என்று சொல்ல ஆரம்பித்தேன். "நீ படிப்ப பாரும்மா" என்று வைத்துவிட்டார். அவர் மேல் வருத்தமில்லை. முப்பது ஆண்டு ஸ்பானர் பிடித்த ஆண்பிள்ளை சொல்வதை விட்டுவிட்டு, விடுதி அறையிலிருந்து பேசும் மகள் சொல்வதை யார் நம்புவார்?

தீபாவளி விடுமுறைக்கு வீடு போன முதல் நாளே, எஞ்சின் நன்கு ஆறியிருந்த காலை நேரத்தில், நான்கு பிளக்கையும் கழற்றினேன். ஆறிய பிறகு கழற்ற வேண்டும் என்பது முக்கியம். சிலிண்டர் தலைப்பகுதி அலுமினியம். சூட்டோடு கழற்றினால் மரை பிய்ந்து வந்துவிடும். ஒவ்வொரு வயரிலும் நாடா ஒட்டி எண் போட்டேன். டைமிங் பெல்ட் பக்கம் இருப்பது ஒன்று. அங்கிருந்து இரண்டு, மூன்று, நான்கு. பிளக்குகளை அதே வரிசையில் ஒரு முட்டை அட்டையில் குத்தி வைத்தேன். இந்த வரிசையைக் கலைத்துவிட்டால் பிளக்குகள் சொல்வது அத்தனையும் வீண். பட்டறையில் நான்கையும் ஒரே கையில் அள்ளிக் குப்பையில் போட்டிருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

ஒன்றாவதும் நான்காவதும் வெளிர் பழுப்பு. தேத்தாரேக்கில் பால் கொஞ்சம் குறைந்தால் வரும் நிறம். அதுதான் ஆரோக்கியம். இரண்டாவது கொஞ்சம் கறுத்து ஈரமாக இருந்தது. மூன்றாவதோ தாரில் முக்கி எடுத்ததுபோல் கறுப்பு, பளபளப்பு, பிசுபிசுப்பு.

கறுப்பைப் பிரித்தறிவது எளிது, விரல் ஒன்று போதும். தொட்டால் விளக்குக் கரிபோல் உலர்ந்து ஒட்டிக்கொள்ளும் கறுப்பு, பெட்ரோல் கூடுதலாக எரிந்ததைக் காட்டும். கார்புரேட்டர் சரியில்லை, சோக் மூடியே கிடக்கிறது, காற்று வடிகட்டி அடைத்துவிட்டது, இப்படி ஏதாவது இருக்கும். ஈரமாக இருந்து, பெட்ரோல் வாடை அடித்து, வெயிலில் வைத்தால் சற்று நேரத்தில் உலர்ந்துவிட்டால் பொறியே வரவில்லை என்று பொருள். வயரையோ டிஸ்டிரிபியூட்டர் மூடியையோ பார்க்க வேண்டும். வெயிலில் வைத்தும் உலராமல், விரலிடுக்கில் வழுக்கினால் அது எஞ்சின் எண்ணெய். மூன்றாவது பிளக்கை மத்தியானம் வரை வெயிலில் வைத்தேன். வழுக்கிக்கொண்டுதான் இருந்தது.

எண்ணெய் பட்டால் பிளக் ஏன் செத்துப்போகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். மின்சாரம் எப்போதும் சுலபமான வழியைத்தான் தேடும். சுத்தமான பிளக்கில் நடு முனையைச் சுற்றிலும் வெள்ளைப் பீங்கான் இருப்பதால் இடைவெளியைத் தாண்டிக் குதிப்பதைத் தவிர அதற்கு வேறு வழி கிடையாது. அந்தப் பீங்கானின் மேல் எண்ணெய் பாதி எரிந்து கரியாகப் படிந்துவிட்டால், கரி வழியாகவே மின்சாரம் வெளி உலோகத்துக்கு ஒழுகிவிடும். பிளக் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளக்கூடியது. நுனி ஏறத்தாழ 450 பாகை செல்சியஸுக்கு மேல் சூடேறினால் கரி எரிந்து போகும். ஆனால் எரிவதைவிட வேகமாக எண்ணெய் வந்துகொண்டிருந்தால் அதுவும் என்னதான் செய்யும்?

"சூடு கூடின பிளக் போட்டா சரியாயிடும்" என்று ஓர் உறவினர் சொன்னார். என்.ஜி.கே. பிளக்கில் எண் சிறியதாக ஆக ஆகச் சூடு கூடும்; ஆறுக்குப் பதில் ஐந்து போட்டால் எண்ணெய் எரிந்து போகும் என்பது அவர் கணக்கு. கொஞ்ச நாளைக்கு அது உண்மைதான். ஆனால் கூரை ஒழுகும் இடத்தில் பெரிய வாளி வைப்பதற்கும் இதற்கும் வேறுபாடில்லை. நுனி அளவுக்கு மீறிச் சூடானால் பொறி வருமுன்பே கலவை தீப்பற்றி பிஸ்டனையே கெடுத்துவிடும் ஆபத்தும் உண்டு.

சரி, எண்ணெய் வருகிறது. எந்த வழியாக வருகிறது? 3,500 ரிங்கிட்டும் அம்மாவின் சங்கிலியும் இந்தக் கேள்வியில்தான் இருந்தன. கீழேயிருந்து பிஸ்டன் ரிங்கைத் தாண்டி வரலாம். அப்படியென்றால் எஞ்சினை இறக்கிப் பிரிக்க வேண்டும். பட்டறைக்காரர் சொன்னது சரி. மேலேயிருந்து வால்வுத் தண்டு வழியாக இறங்கலாம். ஒவ்வொரு வால்வுத் தண்டின் கழுத்திலும் சுண்டுவிரல் நுனி அளவில் ஒரு ரப்பர் சீல் உண்டு. பல ஆண்டு சூட்டில் அது பிளாஸ்டிக்போல் இறுகிவிட்டால் எண்ணெயைத் தடுக்காது. அதை மாற்ற எஞ்சினை இறக்கத் தேவையில்லை. மூன்றாவதாக, எஞ்சினுக்குள் சேரும் ஆவியை உள்ளிழுக்கும் பி.சி.வி. வால்வு கெட்டிருந்தாலும் எண்ணெய் உறிஞ்சப்படும். அதை முதலில் கழற்றி ஆட்டிப் பார்த்தேன். கிலுகிலுப்பைபோல் சத்தம் வந்தது, நன்றாக இருக்கிறது. ரேடியேட்டர் தண்ணீர் குறையவில்லை. எண்ணெய் அளவுக்கோலில் அளவுக்கு மேல் ஊற்றியிருக்கவுமில்லை. மூன்றாவது பிளக்கைத் துடைத்து ஒன்றாவது இடத்திலும், ஒன்றாவதை மூன்றாவது இடத்திலும் மாற்றிப் போட்டு நான்கு நாள் ஓட்டச் சொன்னேன். மீண்டும் கழற்றியபோது மூன்றாவது இடத்தில் இருந்ததே நனைந்திருந்தது. ஆக, குற்றம் பிளக்கில் இல்லை, அந்தச் சிலிண்டரில்தான்.

வால்வு சீலா, ரிங்கா என்று காட்டியது காராக் நெடுஞ்சாலை.

பெந்தோங்கிலிருந்து கோலாலம்பூர் போகும் எவருக்கும் அந்தப் பாதை தெரியும். புக்கிட் திங்கி வழியாக கெந்திங் செம்பா வரை ஏற்றம், அங்கிருந்து கோம்பாக் சாவடி வரை இறக்கம். ஏறும்போது எஞ்சின் முழுப் பாரத்தையும் இழுக்கிறது. எரியும் அழுத்தம் கூடுகிறது. ரிங் தேய்ந்திருந்தால் அப்போதுதான் விடாமல் புகைய வேண்டும். இறங்கும்போது கால் ஆக்ஸிலேட்டரில் இருக்காது; கியரே வண்டியைப் பிடித்துக்கொண்டிருக்கும். காற்று வழி மூடியிருப்பதால் உறிஞ்சு குழாயில் வெற்றிடம் கூடி, இறுகிய சீல் வழியாக வால்வுத் தண்டிலுள்ள எண்ணெயை இழுக்கும். அடிவாரத்தில் காலை அழுத்தியதும் சேர்ந்திருந்த எண்ணெய் மொத்தமாக எரிந்து நீலப் புகையாக வெளியேறும். ஏற்றமும் இறக்கமும் ஒரே பயணத்தில். ஆய்வுக்கூடத்தில்கூட இவ்வளவு வசதியாக அமையாது.

தீபாவளி முடிந்த பிறகு அப்பா என்னை விடுதியில் விட வந்தபோது பின் இருக்கையில் உட்கார்ந்துகொண்டேன், முதுகைக் காட்டி, பின் கண்ணாடியைப் பார்த்தபடி. "முன்னால வந்து உட்காரேன், பெரிய முதலாளியம்மாவாட்டம்" என்றார் அப்பா. புக்கிட் திங்கி ஏற்றத்தில் மூன்றாம் கியரில் எஞ்சின் முனகியது. பின்னால் ஒன்றுமே இல்லை. சுரங்கத்தைத் தாண்டி இறங்கத் தொடங்கியதும், "காலை எடுத்துருங்கப்பா, கியரிலேயே விடுங்க" என்றேன். கோம்பாக் சாவடியில் நின்று, கார்டைத் தட்டி, கட்டை உயர்ந்ததும் அழுத்தினார். பின்னால் நின்ற லாரி ஒரு கணம் மறைந்தே போனது. நீலம். அப்பாவும் கண்ணாடியில் பார்த்துவிட்டார்.

"மேல ஏறுறப்ப வரலயே" என்றார் அவராகவே. நான் சொல்லி அவர் கேட்டதில்லை அது. அவரே பார்த்துச் சொன்னது. அதுவரை பட்டறைக்காரர் வார்த்தையே வேதமாக இருந்தது.

அடுத்த வார இறுதியில் மீண்டும் பேருந்து பிடித்து வீட்டுக்குப் போனேன். அப்பா தம் தோட்டத்து நண்பர் ஒருவரிடம் என்னை அழைத்துப்போனார். லாரிப் பட்டறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் இன்னும் கருவிகளை வைத்திருக்கிறார். சிறுவயதிலிருந்து மாமா என்றுதான் அழைப்பேன். நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, "பாப்பா சொல்றது சரியாத்தான் இருக்கு. எதுக்கும் கம்ப்ரஷன் பாத்துருவோம்" என்றார்.

நான்கு பிளக்கையும் கழற்றி, காயிலுக்குப் போகும் மின்னிணைப்பைப் பிடுங்கிவிட்டு, ஆக்ஸிலேட்டரை முழுதாக அழுத்திக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொன்னார். ஒன்று 172, இரண்டு 168, மூன்று 165, நான்கு 170. சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவு. நான்கும் நெருக்கமாக இருந்ததே நல்ல செய்தி. பிறகு மூன்றாவது துளையில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி அளந்தோம். ரிங் தேய்ந்திருந்தால் அந்த எண்ணெய் இடைவெளியை அடைத்து அளவு வெகுவாக ஏறியிருக்கும். 165 என்பது 172 ஆனது, அவ்வளவுதான். கொஞ்சம் ஏறுவது எந்த எஞ்சினிலும் இயல்பு. கடைசியாக எஞ்சினை ஓடவிட்டு எண்ணெய் மூடியைத் திருகாமல் சும்மா மேலே வைத்தார். ரிங் போன எஞ்சினில் அந்த மூடி குதிக்கும், புகையும் வரும். மூடி இலேசாக அதிர்ந்ததோடு சரி.

"ஓவர்ஹாலாம், ஓவர்ஹால்" என்று மாமா சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அந்தப் பட்டறைக்காரர் ஏமாற்ற நினைத்தார் என்று இன்றும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. புகை வந்தால் ரிங் என்று பழகிய கண் அது. சோதிக்க அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணிக்கு யாரும் காசு தருவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குத் தொடங்கினோம். செவ்வாய்க்குள் வண்டி வேண்டும். இஸ்வாராவில் சிலிண்டருக்கு மூன்று வால்வு, ஆக மொத்தம் பன்னிரண்டு சீல். மேல்மூடியைத் திறந்து ராக்கர் தண்டுகளைக் கழற்றியாயிற்று. இனி வால்வு ஸ்பிரிங்கை அமுக்கி எடுக்க வேண்டும். அப்போது வால்வு பிடிமானமின்றி சிலிண்டருக்குள் விழுந்துவிடுமே என்று நான் யோசித்துக்கொண்டிருக்கையில், மாமா கொட்டகைக் கொடியிலிருந்து ஒரு நைலான் கயிற்றை அவிழ்த்துவந்தார். பிஸ்டனைச் சற்றுக் கீழே இறக்கி, பிளக் துளை வழியாகக் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே திணித்தார், ஒரு முனையை வெளியே விட்டுவிட்டு. பிறகு கிராங்க் புல்லியை ஸ்பானரால் திருப்பிப் பிஸ்டனை மேலே ஏற்றினார். கயிறு சுருண்டு மெத்தைபோல் வால்வுகளைக் கீழிருந்து தாங்கிக்கொண்டது. அழுத்தக் காற்றைச் செலுத்தியும் இதைச் செய்யலாம். இங்கே இருந்தது துணி காயப்போடும் கயிறு.

பழைய சீல்களை எடுத்துத் தரத்தர நான் நகத்தால் அமுக்கிப் பார்த்தேன். புதியது அழிப்பான்போல் நெகிழும். பழையது பொத்தான்போல் இருந்தது; மூன்றாவது சிலிண்டரின் உறிஞ்சு வால்வுச் சீல் ஒன்று கையிலேயே இரண்டாக உடைந்தது. நடுவில் உள்ள இரண்டும் ஏன் முதலில் கெட்டன என்று கேட்டேன். "நடுவுல உள்ளதுக்குச் சூடு சாஸ்தி பாப்பா" என்றார். அப்பா அந்த உடைந்த சீலை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மாலை ஐந்து மணிக்கு வண்டி கிளம்பியது. சீல் பன்னிரண்டு 60 ரிங்கிட், மேல்மூடி ரப்பர் 25, பிளக் நான்கு 32, எண்ணெய் 90, வடிகட்டி 15. மாமா கூலி வேண்டாம் என்று மறுத்தார். அப்பா 150 ரிங்கிட்டை மாமி கையில் திணித்துவிட்டு வந்தார். ஆக 372 ரிங்கிட். செவ்வாய்க்கிழமை பாட்டி வழக்கமான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார். அவருக்கு இவ்வளவும் நடந்தது தெரியாது. முன் இருக்கையில் நடுக்கம் நின்றுவிட்டது என்று மட்டும் அம்மாவிடம் சொன்னாராம்.

மாமா ஒன்றையும் மறைக்கவில்லை. வால்வுத் தண்டு ஆடும் வழிகாட்டிக் குழாய்களும் சற்றுத் தேய்ந்திருக்கின்றன, ஆகவே புதிய சீல் புதிய எஞ்சினில் உழைப்பதுபோல் உழைக்காது, சில ஆண்டில் மறுபடி பார்க்க வேண்டி வரலாம் என்றார். அதனால் அப்பாவுக்கு ஒரு பழைய பள்ளிக் குறிப்பேட்டைக் கொடுத்து, எண்ணெய் ஊற்றும் தேதியையும் கிலோமீட்டரையும் எழுதச் சொல்லியிருந்தேன். எழுதுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

செமஸ்டர் முடிந்து போனபோது 1,500 கிலோமீட்டர் ஓடியிருந்தது. குறிப்பேட்டில் ஒரே ஒரு வரி, அப்பாவின் சாய்ந்த கையெழுத்தில்: 'மி.ஈ. 300 மில்லி ஊத்தினேன்.' எஞ்சின் ஆறியிருந்தது. நான் ஸ்பானர் எடுக்கப் போவதற்குள் நான்கு பிளக்கும் முட்டை அட்டையில் வரிசையாகக் குத்தியிருந்தன. அட்டையில் பேனாவால் எண்ணும் போட்டிருந்தார். ஒன்று, மூன்று, நான்கு பழுப்பு. இரண்டாவதின் ஓரத்தில் மட்டும் இலேசான கறுப்பு. அப்பா அதை எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, "இது காஞ்ச கறுப்பு, மிஞாக் இல்ல" என்றார். கார்புரேட்டரை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று பேசிக்கொண்டோம்.